கல்லை அளந்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்

வீடும் வெளியும்: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

கேள்வி: நாங்கள் கோலா சாவாவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஓர் இடம் கிடக்கிறது. அதைச் சமப்படுத்திக் கறிவேப்பிலை, முருங்கை, ஒரு ரம்புத்தான், சாயங்காலம் உட்கார ஒரு திண்ணை என்று திட்டம் போட்டோம். மம்பட்டியைப் போட்டால் 'டங்' என்கிறது. மேல்மண்ணை வழித்துப் பார்த்தோம். சாப்பாட்டு மேசை அகலத்துக்குக் கருங்கல் தெரிகிறது. உள்ளே எவ்வளவு போகிறதோ தெரியவில்லை. "இந்தக் கல்லு வளருது. நான் கல்யாணமாகி வந்தப்ப இது வெளியே தெரியவே இல்ல" என்கிறார் மாமியார். மகன் உடைத்துவிடலாம் என்கிறான். பக்கத்துத் தாமானில் பேக்ஹோ ஓட்டும் தம்பி, "ஒரு மணி நேர வேலைக்கா, இதுக்குப் போயா யோசிக்கிறீங்க?" என்கிறார். வீட்டுக்காரரோ பதிலே சொல்லாமல் அந்தக் கல்மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார். என்னதான் செய்வது?
— வாசகி, கோலா சாவா

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் செய்வதுதான் இப்போதைக்குச் சரி. கல் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் யாரும் எதையும் முடிவு செய்யக்கூடாது. பேக்ஹோ தம்பி சொல்லும் ஒரு மணி நேரம் உண்மையாகவும் இருக்கலாம், மூன்று நாளாக நீளவும் நீளலாம். அது கல்லின் எடையைப் பொறுத்த விஷயம். அந்த எடையை அவர் இன்னும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் பார்த்தது பொய்யல்ல. கல் வளரவில்லை, மண் இறங்கியிருக்கிறது. பனி உறையும் நாடுகளில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகிக் கல்லை வருடா வருடம் மேலே தள்ளும். நமக்கு அந்தக் கதை கிடையாது. இங்கே மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, அதுவும் சரிவான இடத்தில், புல் இல்லாமல் சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய வாசலில் இன்னும் வேகமாக. ஒரு தலைமுறைக் காலத்தில் அரையடி, முக்காலடி மண் போயிருந்தால் ஆச்சரியமில்லை. அதற்கேற்பக் கல் தலைதூக்கும். ஆக, கல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் சரிவு வழியாக ஓடும் மழைத்தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கல் எப்படி அங்கே வந்தது? தித்திவாங்சா மலைத்தொடரின் தென்முனை நம் நெகிரி செம்பிலானுக்குள் வந்துதான் முடிகிறது. அதன் கருங்கல் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. நம் வெயிலும் மழையும் அந்தப் பாறையின் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி, மூலைகளை முதலில் கரைத்து, சுற்றிலும் மண்ணாக்கிவிடும். நடுவில் கரையாத உருண்டை மட்டும் மிஞ்சும். மண்ணை ஆழமாக வெட்டிய சாலையோரங்களில் பார்த்தால், சிவந்த மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் பதிந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு மண் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். உங்கள் கல்லும் அந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்னொரு வழியும் உண்டு. ரப்பரை அழித்துச் செம்பனைக்கு மறுநடவு செய்த காலத்தில் புல்டோசர் தள்ளி ஒதுக்கிய கற்களின்மேல் மண் மூடியிருக்கலாம். அப்படியானால் ஒன்று இருந்த இடத்தில் நான்கு இருக்கும்.

*அளப்பது எப்படி?*

ஒரு நான்கடி நீளக் கம்பி போதும். கட்டுமானக் கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் கம்பி. நல்ல மழை பெய்த மறுநாள் காலை, மண் இளகியிருக்கும்போது, கல் தெரியும் இடத்திலிருந்து ஓரடிக்கு ஓரடி வெளியே நகர்ந்து குத்திக்கொண்டே போங்கள். கல்லில் பட்டால் கை அதிரும், கம்பி நின்றுவிடும். கல் இல்லாத இடத்தில் மண் வழிவிடும். பட்ட இடத்தில் எல்லாம் ஒரு பிடி சாம்பல் போடுங்கள். அரை மணி நேரத்தில் கல்லின் விளிம்பு தரையில் வரைந்த மாதிரி தெரிந்துவிடும். குத்துவதற்கு முன்னால் தண்ணீர்க் குழாய், கழிவுத் தொட்டி, மின்கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேட்டுவிடுங்கள். பழைய தோட்ட வீடுகளில் குழாய் நேர்கோட்டில் போகும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் குறுகலாகப் பள்ளம் எடுங்கள். கல்லின் வயிறு எங்கே பெருத்திருக்கிறது, எங்கே உள்ளே ஒடுங்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஒடுங்கினால் அது தனிக்கல். ஒடுங்காமல் அகன்றுகொண்டே போனால் கீழே இருக்கும் பாறையின் முதுகைத்தான் பார்க்கிறீர்கள். அதை எந்த இயந்திரமும் தூக்காது. சுத்தியலால் தட்டியும் பார்க்கலாம். நல்ல கல் கணீர் என்று ஒலிக்கும். மக்கிய கல் சத்தத்தை விழுங்கிவிடும். மக்கிய கல்லாக இருந்தால் அலவாங்கே போதும், உதிர்த்து எடுத்துவிடலாம்.

இனி ஒரு கணக்கு. ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ எடை இருக்கும். உருண்டைக் கல்லின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வருவதை 40ஆல் பெருக்குங்கள். அதுதான் சுமாரான எடை, கிலோவில். மூன்றடி உருண்டை 1,080 கிலோ. ஐந்தடி உருண்டை 5,000 கிலோ. ஆறடி என்றால் எட்டரை டன்னைத் தாண்டும். பாருங்கள், மூன்றடி ஐந்தடியாக ஆனதில் எடை ஐந்து மடங்குக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டது. கண்ணுக்குக் "கொஞ்சம் பெரிசு" என்று தெரிவது கணக்கில் வேறு ரகக் கல். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேக்ஹோ தம்பியிடம் பேசுங்கள்: "அஞ்சு டன்னு தம்பி, உங்க மிஷினு தூக்குமா?" என்று. அவர் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

*நான்கு வழிகள்*

ஒன்று, கல்லை அங்கேயே விட்டுவிட்டுத் தோட்டத்தை அதற்கேற்ப அமைப்பது. செலவு குறைவு, ஆபத்து இல்லை. ஐந்து டன்னுக்கு மேற்பட்ட கல்லுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும் இடம் திண்ணையாக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கட்டச் சிமெண்டும் ஆளும் வேண்டும்.

இரண்டு, அதையே இன்னும் ஆழமாகப் புதைப்பது. கல்லுக்குப் பக்கத்தில், சரிவின் கீழ்ப்பக்கமாக, கல்லைவிட அகலமாகப் பள்ளம் எடுத்து இயந்திரத்தால் அதற்குள் உருட்டிவிடுவார்கள். மேலே ஒன்றரை அடி மண் விட்டால் புல்லும் சின்னச் செடியும் தாராளமாகப் பிழைக்கும். இதில் ஒரு விதி உண்டு, அதை மீறவே கூடாது: கல்லுக்கு அடியில் மனிதன் இறங்கி மண்ணைப் பறிக்கக்கூடாது. மழைக்காலத்து மண் முன்னறிவிப்பு கொடுக்காது. பள்ளம் இடுப்பு உயரத்தைத் தாண்டினால் உள்ளே யாரும் இறங்க வேண்டாம்.

மூன்று, உடைப்பது. இதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு, பெரிய இயந்திரம் கொண்டுவந்து தூக்கி அப்புறப்படுத்துவது. வாடகை கேட்கும்போது இயந்திரத்தை ஏற்றி வரும் லோரிக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். பல வீடுகளில் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்கவேட்டர் உள்ளே வர வழி இருக்கிறதா, வேலியைப் பிரிக்க வேண்டுமா, கழிவுத் தொட்டியின் மூடிமேல் ஏறிப் போகுமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

எந்த வழியானாலும் ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். அந்தக் கல் மேட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறதா? சரிவில் இருக்கும் உருண்டைக் கல் பல நேரம் மேலே உள்ள மண்ணைத் தாங்கிப் பிடித்திருக்கும். அதைப் பிடுங்கினால் அடுத்த பெருமழையில் மேட்டுமண் வீட்டுப் பின்கதவுக்கு வந்து நிற்கும். வீட்டின் தூணுக்கு ஐந்தடிக்குள் கல் இருந்தால், பள்ளம் எடுப்பதற்கு முன் அனுபவமுள்ள கட்டட ஆளிடம் காட்டுங்கள். இடம் உங்கள் பெயரில் இல்லாமல் தோட்ட நிர்வாகத்தின் நிலமாக இருந்தால், ஆபீஸில் எழுத்து மூலமாக அனுமதி வாங்காமல் இயந்திரத்தைக் கூப்பிட வேண்டாம்.

உங்கள் வேலை வரிசைக்கு என் ஆலோசனை: முதலில் மேட்டுப் பக்கம் ஒரு வடிகால். பிறகு அளவு. அதன்பின் தீர்மானம். ரம்புத்தானைக் கல்லிலிருந்து தள்ளி, கம்பி நான்கடிக்கும் தடையில்லாமல் இறங்கும் இடத்தில் வையுங்கள். முருங்கைக்கும் அப்படியே.

கேள்வி: கல்லைச் சூடாக்கிக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பிளக்கும் என்று கைப்பேசியில் பார்த்தேன். வெடி வைத்தும் உடைக்கலாம் என்கிறார்கள். வீட்டில் எது பாதுகாப்பு?
— வாசகர், ரந்தாவ்

பதில்: இரண்டும் வேண்டாம். வெடிமருந்து 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. காவல்துறை உரிமம் உள்ளவர்கள் மட்டுமே தொடலாம். தீ மூட்டிச் சூடாக்குவது பழைய வழிதான், வேலையும் செய்யும். ஆனால் சூடான கருங்கல் துண்டு துண்டாகத் தெறிக்கும். எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. தவிர, திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்கு ஏற்ற வழிகள் இரண்டு. ஒன்று ஆப்பு வைத்துப் பிளப்பது. நம் கல்தச்சர்களின் கைவேலையும் இதுதான். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாகச் சதுரக் குழிகள் வெட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று துளை போட மின்துளைப்பான் இருக்கிறது. கல்லின் குறுக்கே நேர்கோட்டில் ஏழெட்டு அங்குல இடைவெளியில் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடுகளை வைத்து, நடுவில் ஆப்பை இறக்குவார்கள். ஓர் ஓரத்தில் தொடங்கி ஒவ்வோர் ஆப்புக்கும் ஓர் அடி, மறுபடி முதலிலிருந்து ஓர் அடி என்று வரிசையாகத் தட்ட வேண்டும். ஒன்றை மட்டும் ஓங்கி அடித்தால் அந்த ஆப்பு இறுகிக்கொள்ளும், கல் அசையாது. தட்டத் தட்ட ஆப்பின் ஓசை மெலிந்து கூர்மையாகும். அப்போது நிறுத்த வேண்டும். அனுபவசாலி அந்த நேரம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடுவார். சில நிமிடத்தில் துளைகளை இணைத்து மயிரிழை போல ஒரு கோடு தோன்றும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சுற்று. அவசரக்காரர்களுக்கு இந்தத் தொழில் சரிப்படாது.

இன்னொன்று, சுண்ணாம்பை மூலப்பொருளாகக் கொண்ட உடைப்புப் பொடி. வெடிப்பதில்லை; தண்ணீரோடு சேர்ந்து மெதுவாக விரிந்து கல்லை உள்ளிருந்து பிளக்கும். 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலத் துளைகள், ஓரடிக்கு ஓரடி. கலந்த பொடியைப் பத்து நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். விரிசல் விட ஒரு நாள் ஆகலாம். இங்கே பலர் தவறு செய்வது பொடியின் வகையில்தான். குளிர்காலப் பொடி, வெயில்காலப் பொடி என்று தனித்தனி உண்டு. நம் வெயிலுக்குக் குளிர்காலப் பொடியைப் போட்டால் கலவை சூடேறித் துளையிலிருந்து மேலே பீறிடும். ஊற்றிய துளைக்கு மேலே குனிந்து எட்டிப் பார்க்கக்கூடாது. கண்ணாடி, கையுறை கட்டாயம். அந்தி சாயும் நேரத்தில் ஊற்றிவிட்டு, மேலே சாக்குப் போட்டு மூடி, குழந்தைகளையும் நாயையும் தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். உடைந்த பிறகு அந்த வெள்ளைச் சாந்தை எடுத்துவிடுங்கள். காரம் மிகுந்த அந்தச் சாந்து செடிவேருக்கு ஆகாது.

மூன்றாவது ஒரு விஷயம், துளை போடும்போதும் கல் அறுக்கும்போதும் தூசி. கருங்கல் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. தண்ணீர் விட்டுக்கொண்டே துளையுங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள். எக்ஸ்கவேட்டரில் பொருத்தும் உடைப்புச் சுத்தி வந்தால், வேலைக்கு முன் உங்கள் சுவர், அண்டை வீட்டுச் சுவர் இரண்டையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் எது பழைய விரிசல், எது புதியது என்ற சண்டை வராது.

கேள்வி: கல்லை அப்படியே விட்டுவிட்டோம். சுற்றிலும் என்ன நடலாம்? பக்கத்துத் தோட்டத்திலிருந்து செம்பனை வெற்றுக் குலைகள் கிடைக்கும். போடலாமா?
— வாசகி, சுங்கை காடுட்

பதில்: கல்லைச் சுற்றி நான்கு விதமான இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே, கொஞ்சம் மண் தங்கும் பள்ளங்களில் கற்றாழையும் பிரண்டையும். வேருக்கு ஆழம் கேட்காத செடிகள் இவை. மழை பெய்தால் கல்லில் விழும் தண்ணீர் முழுவதும் வழிந்து கீழ் விளிம்பில் சேரும். அந்த ஈரமான ஓரத்தில் பண்டானும் கீரையும் நன்றாக வரும். மேற்குப் பக்கம் பிற்பகலெல்லாம் வெயில் வாங்கிய கல், இருட்டிய பிறகும் சூடு விடும்; அங்கே இலை மெல்லிய செடிகள் வாடும், எலுமிச்சைப் புல் தாங்கும். கிழக்குப் பக்கம் மதியத்துக்குப் பிறகு நிழல். வெற்றிலைக்கொடி படரவிட ஏற்ற இடம் அது.

மண் ஆழத்துக்கு ஒரு கணக்கு: புல்லுக்கு அரையடி, துளசி போன்றவற்றுக்கு ஓரடி, செம்பருத்தி, கறிவேப்பிலைக்கு ஒன்றரை முதல் இரண்டடி, பழமரத்துக்கு மூன்றடிக்கு மேல். கம்பியால் குத்திப் பார்த்துத்தான் நட வேண்டும். மேலோட்டமான மண்ணில் நட்ட பழமரம் இரண்டு வருடம் நன்றாக வளரும். பிறகு ஒரு வறட்சியில் மஞ்சளாகும், அல்லது ஒரு புயல்காற்றில் வேரோடு சாயும். மா, பலாவைக் கல்லிலிருந்து எட்டி வையுங்கள். அரளி அழகுதான், ஆனால் விஷம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

உங்கள் மண் எந்த வகை என்று தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். கருங்கல்லிலிருந்து வந்த மண்ணை ரெங்கம் வகை என்றும், சரளைச் செம்பாறை மண்ணை மலாக்கா வகை என்றும் தோட்டங்களில் பிரித்திருப்பார்கள். முதல் வகை ஆழமானது, நீர் வடியும். இரண்டாவதில் சரளை அதிகம், ஈரம் தங்காது. இரண்டும் புளிப்பு மண்தான். கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடி கலந்தால் கீரைக்கு நல்லது.

வெற்றுக் குலை நல்ல மூடாக்கு. மண் அரிப்பைத் தடுக்கும், ஈரம் காக்கும். ஆனால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். உங்கள் தென்னைக்கும் ஆபத்து, பக்கத்துச் செம்பனைக்கும் ஆபத்து.

கேள்வி: எங்கள் வாசல் கல்லுக்கு ஒரு பாட்டி மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போய்விட்டார். முனியாண்டி இருக்கிறார் என்கிறார்கள். இப்போது கல்லை நகர்த்தவே வீட்டில் பயம். என்ன செய்ய?
— வாசகர், ரெம்பாவ்

பதில்: நம் தோட்டங்களில் மரத்தடிக் கல்லில் தொடங்கிய முனியாண்டி, காளியம்மன் கோவில்கள் ஏராளம். காட்டை வெட்டிய முதல் தலைமுறைக்கு அதுதான் துணை. எனவே வீட்டாரின் மனம் சாதாரண விஷயமல்ல, கேலி செய்ய வேண்டாம்.

பூசாரியோ பெரியவர்களோ சொல்லும்படி படையல் போட்டு, கேட்டுக்கொண்டு நகர்த்துவது பல வீடுகளில் நடப்பதுதான். அதில் குறை எதுவும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லை வணங்கத் தொடங்குவது சுலபம். நாளைக்கு நிலம் கைமாறும்போது அதை எடுக்கச் சொல்வதுதான் கஷ்டம். தோட்ட நிலம் விற்பனையாகும் போதெல்லாம் கோவில் இடமாற்றம் பெரிய பிரச்சினையாவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகையால் நிலம் யாருடையது, வேலி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு, குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டுத் தீர்மானியுங்கள். பாட்டி வைத்த குங்குமம் முடிவாக இருக்க வேண்டியதில்லை. பாட்டியையும் பேச்சுக்கு அழையுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லில் கொஞ்சம் பெரிய துண்டுகளை விற்கலாமா? லோரிக்காரர் விலை கேட்கிறார்.
— வாசகர், சிரம்பான்

பதில்: உங்கள் நிலத்தின் எல்லைக்குள் உங்கள் கல்லைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வெளியே கொண்டுபோனால் தேசிய நிலச் சட்டம் குறுக்கே வரும். கல், மணல், மண் இவற்றைப் பெயர்த்து வெளியே கொண்டுசெல்ல நிலத்துறை அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். நான்கு துண்டுக் கல்லுக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று லோரிக்காரர் சொல்வார். அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்வது மானத்துக்கு நல்லது. பெரும்பாலான கற்கள் வீட்டிலேயே செலவாகிவிடும்: வடிகால் ஓரம், படிக்கட்டு, துளசி மாடத்தின் அடி, மேட்டுமண்ணைத் தடுக்கும் சுவர். துண்டுக் கல்லை மூலையில் குவியலாக விடாதீர்கள். இடுக்குகளில் எலி சேரும், எலியைத் தேடி நல்லபாம்பு வரும். பாம்பைக் கண்டால் கம்பெடுக்காமல் 999க்கு அழையுங்கள், குடிமைத் தற்காப்புப் படையினர் வருவார்கள்.

கேள்வி: தோண்டும்போது நட்டு வைத்த மாதிரி நிமிர்ந்த கல் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சாதாரணக் கல்தானா?
— வாசகி, லிங்கி

பதில்: கையை எடுத்துவிடுங்கள், மேற்கொண்டு தோண்ட வேண்டாம். லிங்கிப் பக்கம் இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியாது. பெங்காலான் கெம்பாஸில், ஷேக் அகமது மஜ்னூன் கல்லறைக்கு அருகில், வாள், கரண்டி, சுக்கான் என்று அழைக்கப்படும் நிமிர்ந்த கற்கள் இருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டு 1467ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்படி நட்ட கற்களை மலாய்க்காரர்கள் உயிர்க்கல் என்பார்கள். அவை வருடந்தோறும் வளர்கின்றன என்ற நம்பிக்கையும் உண்டு. கோலா சாவா மாமியார் இந்த விஷயத்தில் தனியாள் அல்ல. கோலா பிலா, தெராச்சி பக்கமும், மலாக்காவின் அலோர் காஜாவிலும் இத்தகைய நட்டகற்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

உங்கள் கல் தானாக நிமிர்ந்த பாறைத்துண்டாகவும் இருக்கலாம். செதுக்கல் இருக்கிறதா, இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றனவா, அடியில் நட்ட குழியின் தடம் தெரிகிறதா என்று தொடாமல் பாருங்கள். எங்கே இருந்தது என்று தெரியும்படி படம் எடுங்கள். பிறகு மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் பழம்பொருளைக் கண்டெடுத்தவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவர்கள் வந்து பார்த்துவிட்டுச் சாதாரணக் கல் என்றால், உங்கள் வேலையைத் தொடரலாம்.

கேள்வி: கல்லை எடுத்துவிட்டோம். பெரிய குழி விழுந்திருக்கிறது. மழையில் குளம்போல நிற்கிறது. மீன் விடலாமா? வேலையை எந்த மாதத்தில் செய்வது நல்லது?
— வாசகர், போர்ட் டிக்சன்

பதில்: மீன் விட முன்வந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் இப்போதைக்கு அது கொசு வளர்க்கும் குழி. ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருக ஒரு வாரம் தேங்கிய தண்ணீர் போதும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின் கீழ் கம்பவுண்ட் வரும். நகராண்மைக் கழக அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது "மீன் குளம்" என்று சொல்வது எடுபடாது, அதில் மீன் ஓடினாலொழிய.

குழியை மூடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரே தடவையில் மண்ணைக் கொட்டினால் ஆறு மாதத்தில் மறுபடி இறங்கிக் குழியாகும். அடியில் துண்டுக் கல், மேலே அரையடி மண், தண்ணீர் தெளித்து இடித்து இறுக்குவது, அடுத்த அரையடி. இப்படி மேலே வர வேண்டும். கடைசி ஓரடியில் மட்டும் நல்ல மேல்மண். அதற்காகத்தான் தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்வது. செய்யாதவர்கள் பின்னால் விலைக்கு வாங்குவார்கள். பழைய சரளையை மேலே கொட்டிவிட்டுப் புல் வரவில்லை என்று உரம் போடுவதும் உண்டு.

மாதம் என்று கேட்டால், நம் மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். ஜனவரி பிப்ரவரியிலும் ஜூன் ஜூலையிலும் ஓரளவு வெறிக்கும். குத்திப் பார்க்கும் வேலையை மழைக்காலத்தில் வையுங்கள், கம்பி இறங்கும். தோண்டுவதையும் இயந்திரத்தையும் வெயில் மாதத்தில் வையுங்கள், லோரி சேற்றில் மாட்டாது. குழி மூடி மண் இறுகிய பிறகு, அடுத்த மழைக்காலத் தொடக்கத்தில் செடி நடுங்கள். ஆக, இந்த வேலைக்கு முழுசாக ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குள் தோட்டம் தயாராக வேண்டும் என்பவர்கள் கல்லை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அதைச் சுற்றி இரண்டு பூந்தொட்டியை வைத்துவிடலாம்.